பூ கருகுகிறது, இலை ஓரம் தீய்கிறது: லத்தேரி பக்கம் 11 மாமரம், யோசனை சொல்லுங்கள்

காட்பாடி_புதுசு | பிப்ரவரி 4

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்துவிட்டுப் போன கொல்லை, லத்தேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே. அரை ஏக்கருக்கும் குறைவு. பங்கனபள்ளி 5, நீலம் 3, பெங்களூரா 2, மல்கோவா 1. எல்லாம் ஒன்பது வயது. அப்பா இருந்தவரை நான் காய் தின்ன மட்டும் வருவேன். இப்போது இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன், இரண்டு வருடமும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

பிரச்சினை மூன்று. ஒன்று, பழைய இலைகளின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாகிறது, அடுப்பில் காட்டின மாதிரி. இரண்டு, பூ வருகிறது, பிசுபிசுவென்று ஆகிறது, அப்புறம் கருகிக் கொட்டுகிறது. இரண்டு பங்கனபள்ளி பூவே எடுக்கவில்லை, மார்கழியில் தளதளவென்று புதுத் தளிர் விட்டது. மூன்று, மல்கோவா என்று வாங்கிய செடியில் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக, நாரும் புளிப்புமாக ஏதோ காய்க்கிறது.

தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை. போர் இருக்கிறது, நாலு நாளைக்கு ஒருமுறை ஓஸ் பிடித்துவிடுகிறேன். கடையில் சொன்ன உரமும் போட்டேன். என்ன மருந்து அடிக்கலாம்?

---

குடியாத்தம்_தோப்பு | பிப்ரவரி 4

தம்பி, மருந்து இருக்கட்டும். மார்கழியிலும் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டீர்களா?

---

காட்பாடி_புதுசு | பிப்ரவரி 4

ஆமாம் ஐயா. மழை நின்றதும் மண் வெடிக்க ஆரம்பித்தது, பாவமாக இருந்தது. தீபாவளிக்கு அப்புறம் ஒருமுறை கூட தவறவிடவில்லை.

---

குடியாத்தம்_தோப்பு | பிப்ரவரி 5

அங்கேதான் கோளாறு. மாமரத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் நாம் காட்டுகிற இரக்கம் இலையாகத்தான் போகும். வேர் காய்ந்து, ராத்திரிக் குளிரும் சேர்ந்தால்தான் நுனி மொட்டு பூவாகத் திரும்பும். ஈரம் இருந்துகொண்டே இருந்தால் அதே மொட்டு தளிராகிவிடும். உங்கள் இரண்டு பங்கனபள்ளியும் அதைத்தான் செய்திருக்கின்றன. மரத்தின்மேல் குற்றமில்லை.

எங்கள் தோப்பில் வடகிழக்கு மழை ஓய்ந்ததிலிருந்து பிஞ்சு பட்டாணி அளவு வரும் வரை ஒரு சொட்டு விடுவதில்லை. அப்புறம் பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, விட்டால் நன்றாக ஆழம் இறங்கும்படி. பறிக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது மறுபடி நிறுத்திவிடுவோம். நிறுத்தாவிட்டால் பழம் பெரிதாக இருக்கும், தின்றால் பூசணிக்காய். சின்னச் செடிக்கு இந்தக் கணக்கு கிடையாது. முதல் மூன்று, நாலு வருடம் வெயில் காலத்தில் தண்ணீர் விட்டே ஆக வேண்டும், பூ வந்தாலும் கிள்ளிவிட வேண்டும்.

இன்னொன்று. ஓஸை மரத்தடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. உறிஞ்சுகிற வேர் அங்கே இல்லை. மத்தியான நிழல் எதுவரை விழுகிறதோ, அந்த ஓரத்தில் வட்டப் பாத்தி போடுங்கள். தண்டைச் சுற்றி மண் மேடாகவும் காய்ந்தும் இருக்கட்டும்.

என்ன உரம் போட்டீர்கள், எப்போது?

---

காட்பாடி_புதுசு | பிப்ரவரி 5

ஐயா, தண்டுக்கு அடியில்தான் விட்டேன். டீயும் குடித்தேன்.

உரம் ஜனவரியில். மரத்துக்கு இரண்டு கிலோ கலப்பு உரம், அரைக் கிலோ பொட்டாஷ்.

---

குடியாத்தம்_தோப்பு | பிப்ரவரி 5

பூ வருகிற நேரத்தில் உரமா! சரி, போனது போகட்டும். உரம் புரட்டாசி, ஐப்பசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போது. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஆறாவது வருடத்திலிருந்து மரத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 1 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஒன்றரைக் கிலோ. இது மூட்டையின் எடை இல்லை, சத்தின் எடை. நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். யூரியாவாகப் போட்டால் 2 கிலோ 200 கிராம் சுமார், சூப்பர் பாஸ்பேட் ஆறேகால் கிலோ, பொட்டாஷ் இரண்டரைக் கிலோ. தண்டிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி ஆரம்பித்து இலை ஓரம் வரை தூவி, கொத்தி மூட வேண்டும். நான் இதில் பாதிதான் போடுகிறேன், மீதி ஆட்டு எரு. காய்ப்புக்குக் குறைவில்லை.

---

அணைக்கட்டு_இளசு | பிப்ரவரி 6

அண்ணா, இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். செப்டம்பரில் கல்டார் ஊற்றுங்கள். பேக்லோபியூட்ரசால். மரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றினால் தளிர் நின்று பூ கட்டாயம் வரும். நான் இரண்டு ஏக்கருக்கு மூன்று வருடமாக ஊற்றுகிறேன். மற்றவர்களுக்கு முன்னாடி காய் வருவதால் விலையும் கிடைக்கிறது.

---

குடியாத்தம்_தோப்பு | பிப்ரவரி 6

வந்தது பாருங்கள். மகசூல் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் ஊற்றிவிட்டுப் போன தோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். நாலாவது வருடம் கிளை நுனியெல்லாம் முட்டி முட்டியாகக் குறுகி, இலை கொத்துக் கொத்தாக நிற்கும். மண்ணிலிருந்து சீக்கிரம் போகாத சரக்கு அது. வீட்டுக்குத் தின்ன வைத்திருக்கிற பதினோரு மரத்துக்கு எதற்கு?

---

அணைக்கட்டு_இளசு | பிப்ரவரி 7

ஐயா, அது அளவு தெரியாமல் வருடா வருடம் கூட்டி ஊற்றியவர்கள் கதை. காய் பறித்ததும் கவாத்து செய்து, எரு போட்டு, மரத்துக்கு வலு ஏற்றிவிட்டு அளவோடு ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் விட்டும் ஊற்றலாம். கடன் வாங்கிப் பயிர் வைத்தவனுக்கு ஒரு வருடம் காய்க்கும், ஒரு வருடம் காய்க்காது என்று தத்துவம் பேச முடியாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காட்பாடி அண்ணாவுக்கு இது வேண்டாம். தண்ணீரை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. நீலமும் பெங்களூராவும் சாதாரணமாகவே வருடா வருடம் காய்க்கிற ரகம். பங்கனபள்ளிதான் ஒரு வருடம் கொட்டிவிட்டு அடுத்த வருடம் படுத்துக்கொள்ளும்.

---

சத்துவாச்சாரி_மாடிவீடு | பிப்ரவரி 7

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் காம்பவுண்டுக்குள் சாய்ந்திருக்கிறது. கீழே நிற்கிற கார்மேல் தினமும் சர்க்கரைப் பாகு தெளித்த மாதிரி இருக்கிறது. இலையெல்லாம் கரி பூசியது போல. இதுவும் அந்தப் பிசுபிசுப்பும் ஒன்றா?

---

குடியாத்தம்_தோப்பு | பிப்ரவரி 8

ஒன்றேதான் அம்மா. தத்துப்பூச்சி. மரத்தடியில் நின்று பூங்கொத்தைத் தட்டினால் பட்டாசு மாதிரி தெறிக்கும், முகத்தில் வந்து அடிக்கும். பூவின் சாற்றைக் குடித்துவிட்டுத் தேன் மாதிரி கழிக்கிறது. அதன்மேல் வளர்வதுதான் கரும்பூஞ்சாணம்.

அடிக்கிற நேரம்தான் முக்கியம். பூங்கொத்து தலை காட்டும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, காதி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாக அடித்துக் கலக்கி, சாயங்காலத்தில். பூ முழுதாக விரிந்திருக்கும்போது எதையும் அடிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈயும் சின்னத் தேனீயும்தான், அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் எங்கே என்று கேட்க முடியாது.

கரி படிந்த இலைக்கு மைதாக் கஞ்சி. சிரிக்க வேண்டாம். ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, இருபது லிட்டராக்கி, வடிகட்டித் தெளியுங்கள். வெயிலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி உரிந்து கரியோடு விழுந்துவிடும். மூட்டம் போட்ட நாளில் செய்தால் மரம் முழுக்கப் பசை ஒட்டினதுதான் மிச்சம்.

காட்பாடித் தம்பி, பூக்காம்பில் வெள்ளையாகச் சாம்பல் பூசினது போல இருந்தால் அது வேறு, சாம்பல் நோய். ராத்திரிப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வரும்போது வரும். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். நம் ஊர் வெயிலில் மாசி பிறந்த பின்பு கந்தகம் அடிக்க நான் பயப்படுவேன்.

---

சத்துவாச்சாரி_மாடிவீடு | பிப்ரவரி 8

பக்கத்து வீட்டுக்காரர் மைதாக் கஞ்சி காய்ச்சுவார் என்று தோன்றவில்லை. காரை நகர்த்திவிடுகிறேன். நன்றி ஐயா.

---

பேரணாம்பட்டு_டீச்சர் | பிப்ரவரி 9

எல்லோரும் பூவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த இலை ஓரம். புதுசு தம்பி, உங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகுமா? சோப்பு நுரைக்குமா? குழாய் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா?

---

காட்பாடி_புதுசு | பிப்ரவரி 9

டீச்சர், அந்தத் தண்ணீரில் சமைப்பதே இல்லை. கேன் தண்ணீர்தான். ஓஸ் முனையில் வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. பாத்தி காய்ந்தால் மேலே உப்பு பூத்த மாதிரி இருக்கும், நான் உரம் என்று நினைத்தேன்.

---

பேரணாம்பட்டு_டீச்சர் | பிப்ரவரி 9

நினைத்தேன். எங்கள் வீட்டில் இதே கதை நடந்தது, அதனால்தான் கேட்டேன்.

பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் என்ன கதியானது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. தோல் கழிவு சேராத இடத்தில் கூட ஆழப் போரில் உப்பு வருகிறது, பாறை அப்படி. எங்கள் வீட்டில் தென்னை நன்றாக இருந்தது, சப்போட்டா நன்றாக இருந்தது, மா மட்டும் தீய்ந்தது. வியாதி என்று மூன்று வருடம் மருந்து அடித்தேன். தென்னையும் சப்போட்டாவும் உப்பைத் தாங்கும், மா தாங்காது. இது தெரியவே எனக்கு மூன்று வருடம் ஆனது. நான் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவள், வெட்கமாகத்தான் இருக்கிறது.

உப்பு என்றால் பழைய இலையில் நுனியில் தொடங்கி ஓரமாக உள்ளே வரும், தளிர் பச்சையாகவே இருக்கும். சாம்பல்சத்துக் குறைவும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் பொட்டாஷ் கொடுத்திருப்பார். ஆனால் கடையில் பொட்டாஷ் என்று கிடைப்பது மூரியேட், அதாவது பொட்டாசியம் குளோரைடு. உப்பில் தவிக்கிற மரத்துக்கு இன்னும் கொஞ்சம் குளோரைடு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். குடியாத்தம் ஐயா சொன்ன கணக்குக்கு அது மூன்று கிலோ ஆகும்.

நாலு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விடுவது உப்புத் தண்ணீருக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேல் மண்ணில் தங்கும். விட்டால் ஒரேயடியாக, வேரைத் தாண்டிக் கீழே இறங்கும்படி. இலையில் படக்கூடாது. பாத்தியில் வைக்கோலோ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தியை அகலப்படுத்தி, மழைநீர் நின்று இறங்க விடுங்கள். உப்பைக் கழுவ அதைவிட நல்ல மருந்து கிடையாது, காசும் இல்லை.

முதலில் தண்ணீரையும் மண்ணையும் சோதனைக்குக் கொடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எங்கே எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே கேளுங்கள். ஜிப்சம் போடச் சொல்லிப் பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்வார். மண் சோதனை முடிவு வராமல் போடாதீர்கள். சோடியம் ஏறின மண்ணுக்குத்தான் அது, எல்லா உப்புக்கும் இல்லை.

---

ஒட்டுக்கத்தி | பிப்ரவரி 11

மல்கோவாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். படம் அனுப்புங்கள், தண்டின் அடி தெரியும்படி.

---

காட்பாடி_புதுசு | பிப்ரவரி 11

படம் போட்டிருக்கிறேன் அண்ணா. ஒரு முழ உயரத்தில் தண்டு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் காய்ந்து, முட்டி மாதிரி நிற்கிறது.

---

ஒட்டுக்கத்தி | பிப்ரவரி 12

அந்த முட்டிதான் உங்கள் மல்கோவா. செத்துப் பல வருடம் ஆகிறது. நீங்கள் தின்றுகொண்டிருப்பது அடிச்செடி, அதாவது ஒட்டுக் கட்ட முளைக்க வைத்த நாட்டுக்கொட்டை.

நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள், இதில் அவர் தப்பு பெரும்பாலும் இருக்காது. ஒட்டுச்செடி நட்ட முதல் இரண்டு வருடம் ஒட்டுக்குக் கீழே முளைப்பு வரும். நாட்டுச்செடி அல்லவா, அதற்குத்தான் வேகம் அதிகம். பார்க்கிறவர்களுக்குச் செடி நன்றாகக் கிளைக்கிறது என்று சந்தோஷமாக இருக்கும். அதை அப்போதே கிள்ளவில்லை என்றால் மேலே இருக்கிற நல்ல ரகத்துக்குப் போக வேண்டியதை எல்லாம் அது தின்றுவிடும். நடும்போது ஒட்டு மண்ணுக்குள் புதைந்துபோனாலும் இதே கதிதான், முளைப்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

மரத்தை வெட்ட வேண்டாம். ஒன்பது வருட வேர், அதுவும் அந்த உப்புத் தண்ணீரிலும் நிற்கிற வேர். அதன்மேல் நல்ல ரகத்தை ஏற்றலாம். ஆடியில் கிளைகளை இடுப்புயரத்தில் அறுத்துவிடுங்கள், ஒரு கிளையை மட்டும் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மரம் மூச்சு முட்டிப்போகும். அறுத்த இடத்தில் போர்டோ பசை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை தடவுங்கள். புதுத் துளிர் வரும், நாலைந்து வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, அது பென்சில் கனம் ஆகும்போது இளந்தண்டு ஒட்டு கட்டலாம். காற்றில் ஈரம் இருக்கிற நாளாகப் பார்த்துக் கட்டினால் பிடிக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் கட்டுகிறவனுக்கு ஒட்டும் போச்சு, துணியும் போச்சு.

மேல் குச்சி, அதாவது ஒட்டுக் கட்ட நல்ல ரகத்துக் குச்சி எடுக்கிற மரம் உங்கள் கண்ணால் காய்ப்பைப் பார்த்த மரமாக இருக்க வேண்டும். மூன்று, நாலு மாத வயதுக் கிளை நுனி. வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் இலையைக் காம்பு விட்டுக் கத்தரித்துவிடுங்கள். மொட்டு புடைத்துக்கொண்டு தயாராக நிற்கும்.

---

வாலாஜா_பேரன் | பிப்ரவரி 14

எங்கள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆயா சொல்வதை எழுதுகிறேன், என்னைத் திட்டாதீர்கள். "நீலம் வைத்திருக்கிறான் அல்லவா, ஆனி மழை விழுந்ததும் புழு வைக்கும், அதை யாரும் சொல்லவில்லையே" என்கிறார்கள்.

அது பழ ஈ. தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளி இருக்கும், அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு. கீழே விழுந்த காயை அப்படியே விட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த கும்பல் தயார். ஆயா தினம் காலையில் கூடையோடு போய்ப் பொறுக்கி, குழிவெட்டி ஆழமாகப் புதைப்பார்கள். கொட்டைக்குள் இருக்கிற வண்டுக்கும் அதுதான் வழி. நான் மெத்தில் யூஜினால் கட்டையை, அதாவது ஆண் ஈயை இழுக்கிற வாசனை ஏற்றின கட்டையைத் தண்ணீர் பாட்டிலில் தொங்கவிடுகிறேன். ஆண் ஈ மட்டும்தான் விழும், ஆனாலும் முன்கூட்டியே, காய் பழுக்க ஒரு மாதம் இருக்கும்போதே கட்டினால் நன்றாகத் தெரிகிறது. ஆயா துளசியைக் கசக்கிப் போட்டு வைப்பார்கள், அதிலும் ஈ விழத்தான் செய்கிறது.

பறிக்கும்போது காம்போடு பறிக்கச் சொல்கிறார்கள். காம்பு ஒடிந்து பால் பட்டால் தோல் கருத்துப்போகும். பழுக்கக் கல்லு (கார்பைடு) வைக்கிற வேலையே வேண்டாம் என்றும். கார்பைடு தடை செய்யப்பட்டது என்று நான் சொன்னேன், "தடை இல்லாத காலத்திலேயே நான் வைத்ததில்லை" என்கிறார்கள்.

---

காட்பாடி_புதுசு | மார்ச் 10

தண்ணீர் சோதனை வந்துவிட்டது. மின்கடத்தும் திறன், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற அளவு, 2.6. இது 0.7-க்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 3 தாண்டினால் பெரும்பாலானவற்றுக்கு ஆகாது, இடையில் பயிரைப் பொறுத்தது என்று விளக்கினார்கள். டீச்சர், நீங்கள் படம் கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்!

மண்ணில் சோடியம் அவ்வளவு இல்லையாம், ஜிப்சம் வேண்டாம் என்றார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் ஏற்கெனவே இரண்டு மூட்டை வாங்கச் சொல்லியிருந்தார்.

பிஞ்சு கொஞ்சம் நிற்கிறது. வட்டப் பாத்தி போட்டு, மூடாக்குப் போட்டு, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை விடுகிறேன். ஒரு சந்தேகம், பிஞ்சு மழை மாதிரிக் கொட்டுகிறதே?

---

குடியாத்தம்_தோப்பு | மார்ச் 10

கொட்டத்தான் செய்யும். ஆயிரம் பூவுக்கு ஒன்று கடைசிவரை நின்றால் போதும், கிளை தாங்காது. எண்ணாதீர்கள்.

---

காட்பாடி_புதுசு | ஜூன் 21

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கணக்கு சொல்கிறேன். பங்கனபள்ளி மூன்று மரத்தில் 140 சொச்சம். சித்திரைக் கடைசியில் இடி மழைக் காற்றில் விழுந்தது நாற்பது, அது ஊறுகாயானது. பெங்களூரா இரண்டிலும் நல்ல காய்ப்பு. சித்தூர் பக்கம் கூழ் தொழிற்சாலைக்கு ஏற்றுகிறவர் வந்து சொன்ன விலையைக் கேட்டு, சொந்தக்காரர்களுக்கே கொடுத்துவிட்டேன். நீலம் இப்போதுதான் பழுக்கிறது. ஆயாவிடம் சொல்லுங்கள், தினம் பொறுக்குகிறேன், இருந்தும் நாலில் ஒன்று புழு.

தளிர் விட்ட இரண்டு மரத்திலும் ஒன்றுமில்லை. பழைய இலை இன்னும் தீய்ந்தபடிதான், ஆனால் இந்த வருடத் தளிர் முற்றியும் ஓரம் பச்சையாக இருக்கிறது.

---

பேரணாம்பட்டு_டீச்சர் | ஜூன் 21

தீய்ந்த இலை திரும்பப் பச்சையாகாது, அது உதிரும் வரை பொறுங்கள். கூரைத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்ப முடியுமா என்று பாருங்கள், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

---

அணைக்கட்டு_இளசு | ஜூன் 22

நீலம் பறித்ததும் நடுவில் அடர்ந்த கிளைகளை எடுத்துவிடுங்கள் அண்ணா. வெயில் உள்ளே விழுந்தால் தத்துப்பூச்சிக்கு ஒளிய இடமில்லை. குடியாத்தம் ஐயாவும் நானும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது.

---

காட்பாடி_புதுசு | ஜூலை 19

ஒட்டுக்கத்தி அண்ணா, ஆடி பிறந்தது, நாட்டுமரத்தை அறுத்துவிட்டேன். ஒரு கிளை விட்டிருக்கிறேன். மறுபடி மல்கோவாவே ஏற்றலாமா? வீட்டில் எல்லோரும் இமாம் பசந்த் என்கிறார்கள்.

---

ஒட்டுக்கத்தி | ஜூலை 20

நாலு துளிர் வந்தால் இரண்டில் அது, இரண்டில் இது. ஒரே மரத்தில் இரண்டும் இருக்கட்டும், யாரும் சண்டை போட வேண்டாம். எந்தக் கிளையில் எது என்று பெயின்ட் அடித்து எழுதி வையுங்கள், பின்னால் எனக்கே ஞாபகம் இருக்காது. துளிர் பென்சில் கனம் வந்ததும் சொல்லுங்கள், ஈரச் சாக்கில் குச்சி சுற்றிக்கொண்டு வருகிறேன். கத்தி என்னுடையது. ஏணி மட்டும் இரவல் வாங்கி வையுங்கள், விட்டுவைத்த கிளையை அப்புறம் கழிக்க அது வேண்டும்.